ஏழு குதிரைகளும் ஒரு பீப்பாய்க் கொசுவும்

உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சராக நான் இருந்த காலத்தில், என் மனைவி ஒருமுறை பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு ஏழு குதிரைகளோடு திரும்பி வந்தாள்.

அவள் திருகோணமலைக்காரி. பயிற்சிக்காக நான் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் இருந்தபோது, மருந்துக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவருடன் பழக்கமாகி, பிறகு அவர் மகளையே கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தோட்டத்துக் குவாட்டர்ஸ் அவளுக்குப் பிடித்திருந்தது. மலைகளைப் பற்றி மட்டும் ஒரு குறை.

"மலை நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஒண்டும் செய்யுதில்லையே. கடலெண்டா எந்நேரமும் ஏதாவது செய்துகொண்டிருக்கும்" என்பாள்.

அந்த முறை அவளை அழைத்துவர நானே போயிருந்தேன். புறப்படும் அன்று காலையில் பார்த்தால், வைக்கோல் சுற்றிய பெரிய கண்ணாடிக் குடுவைகள் இரண்டு வாசலில் இருந்தன. மாமனார் களஞ்சியத்தில் கழித்துப் போட்டவை. இரண்டிலும் கடல்தண்ணீர் நிரப்பியிருந்தாள். ஒரு பையில் மணல். மடியில் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று. அதற்குள் கடற்புல் கொஞ்சமும், புல்லை வாலால் பிடித்துக்கொண்டு ஏழு கடல்குதிரைகளும். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலின் நுனிக்கணு அளவுதான். நீர் இறங்கிய வற்றுக்கடலில் முழங்கால் ஆழத்தில் நின்று முந்தானையால் அள்ளினாளாம்.

"குட்டிங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. இந்த இனம் இவ்வளவுதான். இதுக்கு மேல வளராது. அதாலதான் கொண்டுவாறன்."

குடுவைகள் பஸ் கூரையில் ஏறின. தம்புள்ளைக்கு வரும் வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே ஏறிய புதுக் கண்டக்டர் போத்தலைப் பார்த்துவிட்டு, "நோனா, அதுல என்ன?" என்றார்.

"குதிரை" என்றாள் அவள், உண்மையைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

"ஆடு, கோழியே ஏத்த ஏலாது. குதிரை எப்படி ஏத்துறது?" என்றவர் குனிந்து பார்த்தார். பிறகு டிரைவரிடம் ஏதோ சிங்களத்தில் கத்தினார். பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். அதற்குப் பிறகு பஸ்ஸில் இருந்த எல்லோரும் முறை வைத்துப் பார்த்தார்கள். மாத்தளைக்கு நாங்கள் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தோம். யாரும் குறை சொல்லவில்லை.

வீட்டில் குதிரைகளை விட இடமில்லை. மாவு பிசையும் எனாமல் பேசினில் கடல்தண்ணீரை ஊற்றி அதில் விட்டுவிட்டு, மறுநாளே மாத்தளைக்குப் போனேன். கடைவீதியில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முஸ்லிம் நானா ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய இருமலுக்கு நான்தான் மருந்து கலந்து கொடுப்பேன்.

"நானா, கடல்குதிரைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வேணும்."

"கதிரைக்கு எதுக்குக் கண்ணாடி? ஒக்காந்தா ஒடஞ்சி போவுமே."

"கதிரை இல்ல நானா, குதிரை."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். "குதிரைக்கிண்டா என்னட்ட அவ்வளவு பெரிய கண்ணாடி இல்லியே."

நான் சுண்டுவிரல் நுனியைக் காட்டினேன். நோயாளிகளை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி என்னைப் பார்த்தார்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவர் ஆளே வேறு. முதல் பெட்டியை இரண்டு நாளில் செய்து, வெள்ளைத் துணியில் சுற்றி, ரயிலில் உக்குவளைக்கு அவரே மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பரிசோதனைக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினோம். தேநீர் குடித்து முடிப்பதற்குள் பாதித் தண்ணீர் மேசையிலும் மீதி என் மடியிலும் இருந்தது.

"படத்துக்கிண்டா தண்ணி நிக்கத் தேவையில்லத்தானே" என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் இரண்டாவது பெட்டியோடு வந்தார். மூலைகளில் குங்கிலியமும் மெழுகும் உருக்கி வார்த்திருந்தார். மூன்று நாள் வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டு கசியவில்லை. மணலைப் பரப்பி, கடற்புல்லை நட்டு, குதிரைகளை ஒவ்வொன்றாகக் கரண்டியால் எடுத்து விட்டாள் என் மனைவி. அதற்குள் இரண்டு செத்துப்போயிருந்தன. மீதி ஐந்தும் புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, மேடையில் ஏற்றிய பிரமுகர்கள்போல எங்களை ஆளுக்கொரு திசையாகப் பார்த்தன. அவற்றின் இரண்டு கண்களும் தனித்தனியே திரும்பும். ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் நானாவையும் பார்க்கும் பிராணியை அவர் அதுவரை கண்டதில்லை.

"ஸுப்ஹானல்லாஹ்" என்றார் மெல்ல. அதற்குப் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் வந்தார். இருமல் மருந்து கேட்பதை மறந்தே போனார்.

காற்றுக்கு ஒரு வழி செய்தேன். பழைய லொறிச் சக்கரத்தின் ரப்பர் டியூப்பில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, டிஸ்பென்சரியிலிருந்த மெல்லிய ரப்பர்க் குழாயை அதில் பொருத்தி, குழாயைத் திருகு இடுக்கியால் நெரித்துவிட்டால், விநாடிக்கு ஒரு குமிழ் வீதம் தண்ணீருக்குள் வரும். சமைக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் எங்கள் வீட்டில் பம்ப் சத்தம்தான்.

உப்புதான் பெரிய பிரச்சினை. தண்ணீர் ஆவியாகப் போனால் உப்பு ஏறிவிடும். மழைத்தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும். எவ்வளவு ஊற்றுவது என்று எப்படித் தெரியும்? என்னிடம் ஒரு கருவி இருந்தது. நோயாளிகளின் சிறுநீர் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்க்கிற கண்ணாடி மிதவை. அதைத் தண்ணீரில் விட்டால் கழுத்திலுள்ள கோடு எண்ணைக் காட்டும். திருகோணமலைக் கடல்தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். ஆயிரத்து இருபத்தைந்து. நல்ல வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிற ரப்பர்த் தொழிலாளி ஒருவரின் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

"அப்ப கடலும் தண்ணி குடிக்காமத்தான் வேலை செய்யுது" என்றாள்.

தினமும் காலையில் டிஸ்பென்சரிக்கு வந்து, பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கிளாஸ் தண்ணீரில் மிதவையை விட்டுப் பார்த்து, எண்ணை ஒரு தாளில் எழுதி, சுவரில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். கருவியைக் கழுவி வைப்பாள், அதில் குறை சொல்ல முடியாது.

எல்லாம் சரியாயிற்று, சாப்பாடு ஒன்றைத் தவிர. ரொட்டித் தூள் போட்டோம். அவித்த முட்டையின் மஞ்சள் கரு போட்டோம். இறால் கருவாட்டை இடித்துத் தூவினோம். குதிரைகள் ஒரு கண்ணால் அதையும் மறு கண்ணால் எங்களையும் பார்த்தன.

"அசையிற சாப்பாடுதான் தின்னும். உயிரோட இருக்க வேணும். இதுகளுக்கு இரைப்பையே இல்லை, அதால நாள் முழுக்கத் தின்னோணும்" என்றாள் அவள்.

"இந்த மலையில உயிரோட அசையுற சின்ன சாமானுக்கு நான் எங்கம்மா போவேன்?"

"நுளம்புக் கூத்தாடி இருக்குத்தானே."

கொசுவை அவள் நுளம்பு என்பாள்; தண்ணீரில் நெளியும் அதன் புழுதான் கூத்தாடி. அதற்கு நான் உடனே சம்மதிக்கவில்லை. காரணம் இருந்தது. டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, தோட்டத்தில் கொசு முட்டையிடாமல் பார்ப்பது. மலேரியா நாட்டை விட்டே போய்விட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்ட காலம் அது. போனது திரும்பி வராமல் பார்க்கிற காவற்காரனாக நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்த் தகரங்களைக் கவிழ்த்தேன். ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளை மழை நாளில் மரத்தோடு சாய்த்து வைக்கச் சொன்னேன். பெரிய கங்காணியின் வீட்டுப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாயில் கூத்தாடி நெளிவதைக் கண்டு, காலையில் வேலைக்குக் கூடியிருந்த அத்தனை பேர் பார்க்க அவர் கையாலேயே அதைக் கவிழ்க்க வைத்தேன். மீசை வைத்த மனிதர். அன்று முதல் எனக்கு வணக்கம் சொல்லும்போது வலது கை மார்பு வரைதான் வரும்.

அப்படிப்பட்ட நான் மறுநாள் கையில் ஒரு டம்ளரோடு கூத்தாடி தேடித் தோட்டம் முழுவதும் நடந்தேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. என் வேலையை நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தேன். ஒரு மரத்தடியில் சிரட்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் கங்காணியின் குரல் கேட்டது.

"என்னங்கய்யா தேடுறீங்க? எல்லாத்தையும் சுத்தமா கவுத்து வச்சிருக்கோமுங்க. ஒரு புழுகூட இல்ல."

"தெரியுது" என்றேன். என் பெருமூச்சை அவர் கவனித்திருக்க வேண்டும்.

வேறு வழியில்லை. குளியலறைக்குப் பின்னால் ஒரு பீப்பாயை வைத்து, மழைத்தண்ணீர் பிடித்து, கொஞ்சம் வைக்கோலையும் காய்ந்த இலையையும் போட்டாள் என் மனைவி. அரிசிச் சாக்கைப் போட்டு மறைத்தாள். நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். கண்ணால் காணாததை எப்படித் தடுப்பது?

கொசுக்களுக்கு விஷயம் உடனே தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் பீப்பாய் முழுவதும் நெளிந்தது. அன்றைக்குப் பொரித்த, மயிர்போல மெல்லிய கூத்தாடிகளைத் துணியால் வடித்துப் பெட்டியில் விட்டாள். உப்புத்தண்ணீரில் அவை வெகு நேரம் தாங்காது. துடிக்கிற அந்தக் கொஞ்ச நேரமே குதிரைகளுக்குப் போதும். மூக்குக் குழலைக் குறி பார்த்து நீட்டும். "டிக்" என்று ஒரு சிறு சத்தம், கூத்தாடியைக் காணோம். நாங்கள் இருவரும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு கைதட்டினோம். தட்டிய கையோடு இரண்டு கொசுக்களையும் அடித்தோம்.

இப்படியே ஒரு மாதம் போனது. டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது காலைச் சொறியத் தொடங்கினார்கள். "ஐயா வீட்டுப் பக்கந்தான் கடி கூட" என்று ஒருத்தி சொல்லி நான் கேட்காததுபோல இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் மாத்தளையிலிருந்து டொக்டர் பரிசோதனைக்கு வந்தார்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெறப்போகிற வயது. கண்டிப்பானவர். டிஸ்பென்சரிக்குள் வந்ததும் சுவரில் ஆணியில் தொங்கிய தாளை எடுத்துப் பார்த்தார். 1025, 1025, 1026, 1025.

"ஆர் இந்த நோயாளி?"

நான் மிதவையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். "ஒரு… வெளியூர் ஆளுங்க."

"ஒரு மாசமா ஒரே அளவில நிக்குது. நான் இப்பிடி ஒண்டைக் கண்டதே இல்லை. இவருக்குத் தண்ணி குடிக்கக் குடுக்கிறேல்லையோ?"

மருந்துப் போத்தல்களைத் துடைப்பதுபோல அங்கே வந்து நின்ற என் மனைவி, "ஒவ்வொரு நாளும் காலமை ஒரு கிளாஸ் ஊத்துறன் டொக்டர்" என்றாள்.

"ஒரு கிளாஸ் காணாது பிள்ளை. ஆள் படுத்திருக்கிற இடத்தைக் காட்டும்."

அதற்குள் வாசலில் நின்ற பெரிய கங்காணி தொண்டையைச் செருமினார். "டொக்டரையா, நம்ம ஐயா குவாட்டர்ஸுக்குப் பின்னாலயும் ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாமுங்க."

குளியலறைக்குப் பின்னால் எல்லோரும் போய் நின்றோம். கங்காணி சாக்கை இரண்டு விரல்களால் தூக்கினார். பந்தியில் வாழையிலையைத் திருப்புகிறவர்போல அவ்வளவு மரியாதையாக. உள்ளேயிருந்து ஒரு கூட்டம் கொசு எழுந்து டொக்டரின் முகத்தைச் சுற்றியது.

"உது என்ன, பண்ணையோ?" என்றார் டொக்டர்.

என் மனைவிதான் பேசினாள். "டொக்டர், பிழை என்னில. ஒருக்கா உள்ளுக்கு வந்து பாத்திட்டு, பிறகு என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ."

அவர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். பெட்டிக்கு முன்னால் வந்ததும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குனிந்து குதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாளில் இருந்த நோயாளி யார் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கையோடு கொண்டுவந்த தாளை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துக் கீழே வைத்தார். பிறகு ஒரு குதிரையைச் சுட்டிக் காட்டினார்.

"உவருக்கு வயித்தில நீர் கோத்திருக்கு. மெல்லிய ஊசி ஒண்டால குத்தி எடுத்தாச் சரியாப் போகும்."

"ஐயோ வேண்டாம் டொக்டர். அது பிள்ளைத்தாச்சி."

"அப்ப பெண்ணோ?"

"இல்லை, ஆண். இதுகளில ஆண்தான் வயித்துப் பையில சுமந்து பெறும். பெண் முட்டையைக் குடுத்திட்டுப் போயிடும்."

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நானும் மொதல்ல நம்பலீங்க" என்றேன்.

"முப்பது வருசமாப் பிரசவம் பாக்கிறன்" என்றார் அவர். "ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லை."

தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தோட்டத் துரை பங்களாவில் அவருக்கு மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது; இரண்டு முறை ஆள் வந்துவிட்டது. எழுந்தபோது தீர்ப்புச் சொன்னார். பீப்பாயை இப்போதே கவிழ்க்க வேண்டும். ஒரேயொரு போத்தல் மட்டும், வாயை வலைத்துணியால் இறுக்கிக் கட்டி, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். "அதுக்குள்ளயிருந்து ஒரு நுளம்பு வெளியில வந்துதெண்டாலும் நீர் வேற வேலை தேடவேண்டியதுதான்." வாசலில் நின்று என் மனைவியிடம் மட்டும், "பிறந்தா எனக்குச் சொல்லியனுப்பும் பிள்ளை" என்றார்.

பீப்பாயை என் கையால் கவிழ்த்தேன். அதற்குள் வேலை முடிந்து பாதித் தோட்டம் வந்து நின்றது. கங்காணி சிரிக்கவில்லை. மீசையை ஒருமுறை தடவினார், அவ்வளவுதான். மறுநாள் காலை அவருடைய வலது கை நெற்றி வரை உயர்ந்தது.

ஒரு போத்தல் போதவில்லை. குதிரைகள் பசியோடு மணலைக் குறி பார்க்கத் தொடங்கின. நாலாம் நாள் கங்காணி குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சிரட்டை, மேலே இலை மூடியிருந்தது.

"நம்ம மூணாம் லயத்துப் பக்கம் கெடந்துச்சுங்க. கொட்டிறலாமுன்னு பாத்தேன். அப்பறம் ஐயா வீட்டம்மா கவலையா இருக்காங்கன்னு சொன்னாங்க…"

இலையைத் தூக்கிப் பார்த்தேன். கொழுத்த கூத்தாடிகள். மூன்றாம் லயத்தில் தண்ணீர் தேங்க விட்டதற்கு அவரைக் கண்டிக்க வேண்டும். அதே வாயால் நன்றியும் சொல்ல வேண்டும். "இனிமே இப்படி இருக்கக் கூடாது கங்காணி" என்று சொல்லிக்கொண்டே சிரட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"இருக்காதுங்க" என்றார். அடுத்த நாளும் கொண்டுவந்தார்.

பிரசவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. குதிரை புல்லைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் வளைந்தது. தும்மல் வருகிறவர்போல ஒரு முக்கு முக்கியதும், வயிற்றுப் பையிலிருந்து காற்புள்ளி அளவில் இரண்டு குட்டிகள் வெளியே தெறித்தன. மறுபடி ஒரு முக்கல், மறுபடி மூன்று. என் மனைவி எண்ணிக்கொண்டே வந்தாள், இருபதைத் தாண்டியதும் கணக்கு விட்டுப்போயிற்று. செய்தி லயங்களுக்குப் போனது. ஒன்பது மணிக்குள் எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை.

ரப்பர் பால் வெட்டுகிற பெண் ஒருத்தி கண்ணாடியோடு கண்ணை வைத்துப் பார்த்தாள். "நெசமாவே ஆம்பளதான் பெத்துச்சா?"

"ஓம், நான் கண்ணால கண்டனான்" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் திரும்பி, வாசலில் நின்ற தன் புருஷனிடம், "பாத்துக்கிட்டியா?" என்றாள்.

"நான் என்னா பண்ணுனேன்?"

"அதான். நீ ஒண்ணுமே பண்ணல."

இன்னொருத்தி பெற்ற உடம்புக்கென்று பூண்டும் மிளகும் அரைத்துக் கொண்டுவந்தாள். விளையாட்டாகக் கொண்டுவந்தாளா, நிசமாகவா என்று இன்றுவரை தெரியாது. பெட்டியருகே வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனாள். மத்தியானம் நாங்கள் அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டோம். அந்த வாரம் முழுவதும் லயத்து ஆண்கள் பெட்டியைப் பற்றிய பேச்சு வந்தாலே இடத்தை விட்டு எழுந்து போனார்கள். டொக்டருக்கு ஆள் அனுப்பினேன். ஒரு துண்டுத் தாளில் பதில் வந்தது: "தகப்பனும் பிள்ளைகளும் நலம்தானே?"

தகப்பன் நலம். பிள்ளைகள் நலமில்லை. கூத்தாடி அவற்றின் வாய்க்கு மிகப் பெரிது. குளத்துப் பாசித் தண்ணீரை வடித்து ஊற்றினோம், நானா பட்டறைக் கண்ணாடித் தொட்டியில் பச்சைத் தண்ணீர் பழுக்க வைத்துக் கொண்டுவந்தார். அதிலிருந்த சின்னப் பூச்சிகளைச் சில தின்றன, பல தின்னவில்லை. தினமும் காலையில் என் மனைவி தேக்கரண்டியால் செத்தவற்றை எடுத்து மிளகுக்கொடியடியில் புதைத்தாள். முதல் நாட்களில் எத்தனை என்று சொல்வாள். பிறகு சொல்லவில்லை. டிஸ்பென்சரியில் எத்தனையோ பார்த்தவன் நான், ஆனால் அந்தத் தேக்கரண்டி மண்ணில் தட்டும் சத்தம் கேட்டால் உள் அறைக்குப் போய்விடுவேன்.

பெரியவற்றில் ஒன்றும் போயிற்று. நாலு பெரியதும் இரண்டு குட்டியும் மிஞ்சியபோது அவளே சொன்னாள். "இஞ்சாருங்கோ, இனியும் இதுகளை இஞ்ச வைச்சிருந்தா அது எங்கட ஆசைக்குத்தான். கொண்டுபோய் விடுவம்."

நானாவுக்குத்தான் மனமில்லை. "பொட்டிய நான் திருப்பி வாங்க மாட்டேன். அதுல வேற எதாச்சும் இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வழியில் தேவைப்படும் என்று போத்தல் மூடியில் சின்னச் சின்னத் துளைகள் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த லீவில் திருகோணமலைக்குப் போனோம். வற்றுக்கடலாக இருக்கும் நேரம் பார்த்து, அவள் முன்னால் நடந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் முழங்காலைத் தொட்டதுமே, இதற்கு மேல் வர மாட்டேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே புல் அடர்ந்த இடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, போத்தலைச் சரித்தாள். ஒவ்வொன்றாகப் போய்ப் புல்லைப் பிடித்துக்கொண்டன. குட்டிகள் இரண்டும் போன இடமே தெரியவில்லை.

கடைசியாக மிஞ்சியது பெற்ற தகப்பன். போத்தலை விட்டு அது வரவில்லை. நான் கையை உள்ளே விட்டேன். உடனே வாலை என் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டது. தண்ணீருக்குள் விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சின்ன அலை வந்து வேட்டியை நனைத்தது.

"விடுங்கோவன்" என்றாள் அவள்.

"நான் விட மாட்டேன்னா சொல்றேன்? அதுதான் புடிச்சிக்கிட்டிருக்கு."

"அப்ப நில்லுங்கோ."

நின்றேன். அடுத்த அலை இடுப்புவரை வந்தது. குதிரை ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் புல்லையும் பார்த்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல், வெகு நேரம் யோசித்தது.